பயந்துபோன தண்ணீர்

தண்ணீர் கொதிக்கவைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் பாரசீக மன்னரிடம் வேலை பார்த்ததில்லை. உஷ்டான் பார்த்தான். மன்னாதி மன்னர், நாலு திசைக்கும் அதிபதி, பகவர்ஷன் அவர்கள் சூசா நகரத்து ஆற்றுத் தண்ணீரைத் தவிர வேறெதையும் நாவில் படவிட மாட்டார். அதுவும் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வெள்ளிக் குடத்தில் வந்தால்தான். போருக்குப் போனாலும், வேட்டைக்குப் போனாலும், கோடைக்கு மலைநாட்டு எக்பதானாவுக்குப் போனாலும் கோவேறு கழுதை வண்டிகளில் அந்தத் தண்ணீர் கூடவே போகும். வழியில் தண்ணீர் வண்டி வந்தால் மாகாண ஆளுநரே ஆனாலும் குதிரையிலிருந்து இறங்கிக் குனிய வேண்டும். வணக்கம் குடத்துக்குத்தான். கூடவே நடந்து வரும் உஷ்டானுக்கு இல்லை.

அந்தத் தண்ணீரை மன்னரைத் தவிர வேறு எவன் குடித்தாலும் தலை போகும். ஆகவே வாழ்நாளெல்லாம் தான் காய்ச்சிய தண்ணீர் இனிக்குமா உவர்க்குமா என்று உஷ்டானுக்குத் தெரியாது. மன்னரின் முகமும் தெரியாது. திரைக்கு இந்தப் பக்கம் குடத்தை வைத்துவிட்டு, நீளமான சட்டைக் கைகளுக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வெளியேறுவான். மன்னரைப் பற்றி அவன் நேரில் அறிந்ததெல்லாம் ஒரு ஜோடிச் செருப்பு. நல்ல செருப்புதான், குறை சொல்ல முடியாது.

அந்த வருடம் வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது. எக்பதானாவுக்குப் போகும் வழியில் மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்கரையில் கூடாரம் போட்டார்கள். பாறை இடுக்கிலிருந்து குபுகுபுவென்று வரும் தண்ணீர். கை வைத்தால் விரல் மரத்துப்போகும். பக்கத்துக் கிராமத்துக்கு அதுதான் உயிர். படைவீரர்கள் குடித்தார்கள், சமையல்காரர்கள் குடித்தார்கள், கோவேறு கழுதைகள் வயிறு உப்பும் வரை குடித்தன. மன்னர் மட்டும், கூடாரத்துக்கு வெளியே ஓடை சலசலக்க, சூசாவிலிருந்து வந்த வெதுவெதுப்பான பழைய தண்ணீரைக் குடித்தார்.

அன்று நடுப்பகலில் ஆலோசனை சபை கூடியது. பாரசீகத்தில் பெரிய விஷயம் எதையும் ஒரே தடவையில் முடிவு செய்ய மாட்டார்கள். முதலில் குடித்துவிட்டுப் பேசுவார்கள். மறுநாள் தெளிந்த பிறகு அதையே திரும்பப் பேசுவார்கள். இரண்டு தடவையும் ஒரே முடிவு வந்தால்தான் செல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் தலைவலியோடு உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர் எவரும், நேற்றுப் போதையில் தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டதாக வரலாறே இல்லை.

எகிப்து விஷயமாக நாலாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது மன்னர் கண் செருகிச் சாய்ந்தார். வெயில் பாதி, மது பாதி. தலைமைத் தீக்குரு ரஷ்ணுதாதர் ஒரு வெண்கலக் கண்ணாடியை மன்னரின் மூக்கருகே பிடித்துப் பார்த்தார். மூச்சுப் படியவில்லை. கண்ணாடியை அவர் திருப்பிப் பிடித்திருந்தார் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அவரும் நாலாவது சுற்றில்தான் இருந்தார். "மன்னர் மறைந்தார்!" என்று அவர் அலறினார். சபை முழுவதும் அலறியது.

மன்னர் இறந்தால் நாடு முழுவதும் நெருப்பை அணைக்க வேண்டும். புது மன்னர் பட்டம் ஏறும் வரை கோயில் தீயும் எரியக் கூடாது, கொல்லன் உலையும் எரியக் கூடாது. உடனே ஆணை எழுதினார்கள். மன்னரின் விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைக் கழற்றாமல், விரலோடு சேர்த்தே பிடித்து, ஈரக் களிமண்ணில் அமுக்கினார்கள். அஞ்சல் குதிரைகள் நாலு பக்கமும் பறந்தன.

உஷ்டான் அடுப்படியில் விசிறிக்கொண்டிருந்தான். வீரன் ஒருவன் வந்து அடுப்பில் மண்ணை வாரிப் போட்டான். காய்ச்சி வைத்திருந்த தண்ணீரைத் துக்கத்துக்காக மண்ணில் ஊற்றச் சொன்னான். மது ஜாடிகளையும் அப்படியே கவிழ்த்தார்கள். காய்ச்சாத சூசா தண்ணீர் இருந்த குடங்களை நீதிபதியின் ஆட்கள் வந்து அரக்கு வைத்து மூடினார்கள். இறந்தவரின் சொத்து, வாரிசு வரும்வரை தொடக் கூடாது.

உஷ்டானின் மனைவி உதுசனா கழுதைக்காரர்களுக்கு ரொட்டி சுடுகிறவள். பிசைந்த மாவோடு அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செத்தது அவரு. பட்டினி நமக்கா?"

"மெதுவா பேசுடி. யார் காதுலயாவது விழப்போகுது."

"விழட்டும். பச்சை மாவைத் தின்னுட்டு அழுவறதுக்கு எனக்குத் தெம்பு இல்லை."

சாயங்காலம் மன்னர் தும்மினார்.

காவலுக்கு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து கம்பீரமான குரல் வந்தது: "மன்னன் பகவர்ஷன் சொல்கிறான்: எனக்குத் தாகமாக இருக்கிறது." அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். மலைப்பாறையில் செதுக்குவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கியிருந்தார்கள்.

விடிந்ததும், தெளிந்த சபை கூடியது. குடம் வைக்கும் ஆள் என்ற முறையில் உஷ்டானையும் கூப்பிட்டுக் கூடாரத்து ஓரமாக மண்டியிட வைத்திருந்தார்கள். குடம்தான் இல்லை.

ஆயிரம் வீரர்களுக்குத் தலைவரான ரதுமித்ரர் தொண்டையைக் கனைத்தார். "நேத்து ஒரு முடிவெடுத்தோம். இன்னிக்கு அதை உறுதி செய்யணும். சின்னச் சிக்கல். மன்னர் உயிரோட இருக்கார்ங்கற மாதிரி ஒரு பேச்சு அடிபடுது."

"அஞ்சல்காரங்களைத் திருப்பிக் கூப்பிட முடியாதா?" என்றார் ஒருவர்.

"உலகத்துலயே வேகமான அஞ்சல் நம்மளுது," என்றார் ரதுமித்ரர் பெருமையாக. "ஒவ்வொரு சாவடியிலும் புதுக்குதிரை, புது ஆள். நம்ம அஞ்சலை நம்ம அஞ்சலாலகூட எட்டிப் பிடிக்க முடியாது."

தலைமை நீதிபதி விதபானர் கண்ணை மூடியபடியே பேசினார். அவருக்கும் தலைவலி. "மன்னர் உயிரோட இருக்காரா இல்லையாங்கறது மருத்துவனைக் கேக்க வேண்டிய கேள்வி. அதுக்குள்ள நான் போகலை. ஆணையில முத்திரை விழுந்துச்சா, அதுதான் என் கேள்வி. விழுந்துச்சு. யார் முத்திரை? மன்னரோட முத்திரை. பாரசீகத்துல முத்திரை விழுந்த ஆணையை மன்னரே நினைச்சாலும் மாத்த முடியாது. தான் செத்துட்டதா மன்னரே முத்திரை குத்தினப்புறம், இல்லைங்கறதுக்கு நாம யாரு?"

எல்லாரும் தலையாட்டினார்கள். மூத்த இளவரசர் எல்லாரையும்விடச் சோகமாகத் தலையாட்டினார். "அப்பாவோட ஆணையை மீற எனக்கு மனசு வராது," என்றார். அவர் ஏற்கெனவே தன் பட்டாபிஷேக ஏற்பாட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

"தண்ணி," என்றது உட்கூடாரத்துக் குரல்.

"அது என்ன சத்தம்?"

"காத்து," என்றார் ரஷ்ணுதாதர்.

"காத்து தண்ணி கேக்குதே?"

"வெயில்காலத்துக் காத்து."

சபை கலைந்தது. மன்னர் இறந்துவிட்டார் என்று குடித்தும் தெளிந்தும் ஒருமனதாக முடிவானது. இனி உஷ்டானின் பாடு. ரதுமித்ரர் அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"இங்க பாரு. மன்னர் தாகத்துல போயிட்டார்னு நாளைக்கு எவனாவது சொன்னா, தண்ணிக்குப் பொறுப்பு நீ. உன் கழுத்து போகும்."

"ஐயா, மன்னர்தான் நேத்தே செத்துட்டாரே."

"அது சட்டப்படி. நான் நிஜத்தைச் சொல்றேன்."

"அப்ப அடுப்பு மூட்டித் தண்ணி காய்ச்சட்டுங்களா?"

"துக்கக் காலத்துல நெருப்பு மூட்டினா கழுத்து போகும்."

"காய்ச்சாமலே குடுத்தா?"

"பச்சைத் தண்ணியை மன்னருக்குக் குடுக்கறதா? கழுத்து போகும்."

"ஐயா, எனக்கு இருக்கறது ஒரே கழுத்துங்க."

"அதைப் பத்திரமா வெச்சுக்க," என்று அவன் தோளைத் தட்டிவிட்டு ரதுமித்ரர் தலைமயிர் மழிக்கப் போனார். துக்கத்துக்கு மழிக்க வேண்டும். குதிரைகளின் பிடரியைக்கூட மழித்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏற ஏற உள்ளேயிருந்து வந்த குரல் இளைத்தது. காலையில் 'மன்னன் பகவர்ஷன் சொல்கிறான்' என்று ஆரம்பித்தது, உச்சிப்பொழுதில் 'பகவர்ஷன் சொல்கிறான்' ஆனது. அப்புறம் வெறும் 'தண்ணி'. ஓடை அவருடைய கட்டிலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. எழுந்து போயிருக்கலாம். ஆனால் மன்னரின் கால் கம்பளத்தில் அல்லாமல் வெறும் தரையில் படக் கூடாது, கம்பளங்களையோ துக்கத்துக்காகச் சுருட்டிவிட்டார்கள். நாலு திசைக்கும் அதிபதி கட்டிலைவிட்டு இறங்க வழியில்லாமல் கிடந்தார்.

"இவ்வளவு பேர் உக்காந்து யோசிச்சாங்களே," என்றாள் உதுசனா. "ஒருத்தனுக்காவது ஒரு குவளை எடுத்துட்டுப் போகத் தோணலையா?"

"தோணியிருக்கும். தோணினவன் கழுத்தைத் தடவிப் பாத்திருப்பான்."

"எப்படியும் உன் கழுத்து போகப்போகுது. தண்ணி குடுக்காம போறதுக்குக் குடுத்துட்டே போகட்டுமே. நீ போறியா, நான் போகட்டுமா?"

அவள் போய்விடுவாள் என்று உஷ்டானுக்குத் தெரியும். அவனே எழுந்து ஓடைக்கு ஓடினான். கையில் பாத்திரம் இல்லை, எல்லாவற்றுக்கும் அரக்கு வைத்தாயிற்று. கரையில் நபீரா என்ற கிராமத்துப் பெண் தோல்பையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

"தாயி, கொஞ்சம் தண்ணி. உன் மண்குவளையையும் குடேன், திருப்பித் தந்துடறேன்."

"யாருக்கு?"

"உடம்பு சரியில்லாத ஒருத்தருக்கு. ரொம்ப முடியலை."

"அதுக்கு எதுக்கண்ணே இப்படிக் கெஞ்சறே?" அவள் குவளையைக் கழுவி, பாறை இடுக்கில் நன்றாகக் குளிர்ந்து விழும் இடமாகப் பார்த்துப் பிடித்து, வழிய வழியக் கொடுத்தாள். "சீக்கிரம் போ. தாகம் பொறுக்காது."

கூடார வாசலில் காவலர்கள் ஈட்டியைக் குறுக்கே வைத்தார்கள். இளைய காவலன் மூத்தவனிடம் கேட்டான்:

"கூப்பிடாம உள்ள போனா கொல்லணும்ல அண்ணே?"

"அது மன்னர் இருக்கற கூடாரத்துக்கு. இதுல மன்னர் இல்லை. செத்துட்டார்."

"அப்ப விடலாமா?"

"விடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

ஈட்டிகள் விலகின.

உள்ளே போய் உஷ்டான் பழக்கத்தில் செருப்பைத் தேடினான். காணோம். நிமிர்ந்தான். கட்டிலில், உதடு வெடித்து, தாடி கலைந்து, ஒரு வயதான மனிதர் கிடந்தார். உஷ்டானின் மாமனார் சாயல். இவருக்காகவா இத்தனை காலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தான். அடுத்த நொடியே அந்த மனிதர்மேல் பாவமாக இருந்தது.

"தண்ணி கொண்டாந்திருக்கேன், மகாராஜா."

மன்னரின் கை குவளைக்கு நீண்டது. பாதியில் நின்றது. சாகக் கிடந்தாலும் மன்னர் மன்னர்தான்.

"காய்ச்சினதா?"

பாரசீகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது மூன்றே மூன்று. குதிரை ஏறு, அம்பு விடு, பொய் சொல்லாதே. உஷ்டானுக்குக் குதிரையும் இல்லை, வில்லும் இல்லை. மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் இதுவரை மரியாதையாகக் காலம் தள்ளியிருந்தான்.

"காய்ச்சினதுதான், மகாராஜா," என்றான்.

மன்னர் ஒரு விரலைக் குவளையில் வைத்துப் பார்த்தார். கண் சிறுத்தது. "அப்புறம் ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?"

உஷ்டானின் நாக்கு தானாகவே பேசியது. "கொதிச்சிக்கிட்டுதாங்க வந்துச்சு. உள்ள வந்து உங்களைப் பாத்ததும் பயத்துல ஜில்லிட்டுப் போச்சு."

மன்னர் அவனைப் பார்த்தார். குவளையைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஒரு திருப்தி பரவியது. நியாயம்தானே. ஆளுநர்கள் ஜில்லிட்டுப்போகிறார்கள், தளபதிகள் ஜில்லிட்டுப்போகிறார்கள், தண்ணீர் எம்மாத்திரம்?

குடித்தார். நிறுத்தாமல் குடித்தார். தாடியெல்லாம் வழிந்தது. "இன்னும்," என்றார். உஷ்டான் இருட்டும்வரை ஓடைக்கும் கூடாரத்துக்கும் ஓடினான். ஒவ்வொரு தடவையும் நபீரா குவளையை நிரப்பிக்கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் பயந்தது.

காலையில் மன்னர் கட்டிலிலிருந்து இறங்கினார், வெறுங்காலோடு. செத்தவருக்குக் கம்பளம் எதற்கு என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்து நின்று, "மன்னன் பகவர்ஷன் சொல்கிறான்: பசிக்கிறது," என்றார்.

மழித்த தலைகள் எல்லாம் அவரைப் பார்த்தன. குனிவதா, கூடாதா என்று தெரியாமல் பாதி குனிந்து நின்றன. இளவரசர் மட்டும் மயங்கி விழுந்தார். அவருக்குக் கண்ணாடி பிடித்துப் பார்க்க ரஷ்ணுதாதர் ஓடினார், ரதுமித்ரர் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"சட்டப்படி மன்னர் பகவர்ஷன் காலமாயிட்டார்," என்றார் நீதிபதி விதபானர். குரல் நடுங்கினாலும் சட்டத்தை அவர் விடவில்லை. "அதுல மாற்றமில்லை. ஆனா அரியணை காலியா இருக்கு. அதுல யார் உக்காரலாம்? ராஜ ரத்தமா இருக்கணும், போன மன்னருக்கு ரொம்ப நெருங்கினவரா இருக்கணும். போன மன்னருக்கு இவரைவிட நெருங்கினவர் யாராவது உண்டா?"

யாரும் இல்லை. ஆக, மன்னர் பகவர்ஷன் தனக்குத் தானே வாரிசானார். தன் மறைவுக்காகத் தலையை மழித்துக்கொண்டார். தன்னைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பேசும்போது அவரே அழுதார், அது நடிப்பில்லை. காலியான சவப்பெட்டி ஒன்று வண்டியேறியது. மரபுப்படி அத்திப்பழ அடையும் புளித்த மோரும் கொடுத்து அங்கேயே பட்டம் கட்டினார்கள். நெருப்புகள் மறுபடி எரிந்தன. பிற்பாடு மலைப்பாறையில் செதுக்கியபோது, 'என் தந்தை பகவர்ஷன் நல்லவர், ஆனால் நான் அவரைவிட நல்லவன்' என்று செதுக்கச் சொன்னார்.

பட்டம் ஏறியதும் உஷ்டானைக் கூப்பிட்டார்கள். அவன் கழுத்தைத் தடவிக்கொண்டே போனான்.

"மன்னன் பகவர்ஷன் சொல்கிறான்: இந்த மாதிரி காய்ச்சின தண்ணியை நான் பிறந்ததிலிருந்து குடிச்சதில்லை. இவன் கைக்குத் தங்கக் காப்புப் போடுங்க. மன்னனைக் கண்டா பயப்படணும்னு தெரிஞ்ச ஒரே தண்ணி இந்த ஓடைத் தண்ணிதான். இனி சூசா ஆறு வேண்டாம். இந்த ஓடை என்னோடது. வேற எவனும் இதைக் குடிக்கக் கூடாது. குடிச்சா தலை."

முத்திரை விழுந்தது.

ரதுமித்ரர் தயங்கினார். "கிராமத்து ஜனங்க இதுவரைக்கும் குடிச்சிட்டாங்களே?"

"அவங்க குடிச்சப்ப தண்ணி பயப்படலை," என்றார் விதபானர். "அதுவே மன்னருக்கு அவமரியாதை. போகட்டும், இதுவரை குடிச்சதை மன்னிச்சு விட்டுடலாம்."

நீதிமான் என்று எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். உஷ்டான் வாயைத் திறந்தான். அது பச்சைத் தண்ணீர், எல்லாத் தண்ணீரும் போலத்தான், எதற்கும் அது பயப்படவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் கழுத்து போகும். வாயை மூடிக்கொண்டான். காப்பு போட்டார்கள்.

மன்னரின் பரிவாரம் எக்பதானாவுக்குப் போனது. உஷ்டானை ஓடைக்கு அதிகாரியாக அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள், கூடவே ஈட்டிக்காரர்களையும். தினமும் அவன் பேருக்கு அடுப்பு மூட்டி, வெறும் அண்டாவைச் சூடாக்கி, ஓடைத் தண்ணீரைப் பச்சையாகவே மொண்டு வண்டியேற்றினான். கிராமத்தார் மலைக்கு அந்தப் பக்கமிருந்த உவர்க்கிணற்றுக்குப் போனார்கள். போக அரைநாள், வர அரைநாள். குடித்தவர்களுக்கு வயிறு பிடுங்கியது. உதுசனா ரொட்டியை அவன் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். அவளும் உவர்க்கிணற்றுக்குத்தான் போய்வந்தாள்.

ஒருநாள் நபீரா வந்தாள். காலித் தோல்பை தோளில் தொங்கியது. ஈட்டிக்காரர்கள் எழுந்தார்கள். உஷ்டான் கையைக் காட்டி அவர்களை உட்காரவைத்துவிட்டு, முந்திக்கொண்டு சொன்னான்: "தாயி, இது மன்னர் தண்ணி. தொடக் கூடாது."

இதை நான்தானா சொன்னேன் என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"தொட வரலை," என்றாள் அவள். "எங்க மாமியார் உவர்த்தண்ணி குடிச்சுக் குடிச்சு நேத்து போயிட்டாங்க. உன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். அன்னிக்கு நான் மொண்டு குடுத்தது அவருக்குத்தானே?"

"ஆமா."

"காய்ச்சினதான்னு கேட்டாராம். நீதான் தண்ணி பயந்துபோச்சுன்னு சொன்னியாம். தண்டோரா போட்டுட்டுப் போனாங்க."

அவன் தங்கக் காப்பைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டான்.

"அண்ணே, நீ உண்மையைச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"குடிச்சிருக்க மாட்டார், தாயி," என்றான் உஷ்டான். "செத்திருப்பார்."

"ஆமா," என்றாள் நபீரா.